ஈட்டிக்காரியின் நெற்றிப் பொட்டு

வீடியோ கேம் கடை நடத்த டிவி வேண்டும், கேசட் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே நல்ல தொண்டை வேண்டுமுங்க. முதல் இரண்டும் எங்களிடம் இருந்தன. மூன்றாவது என்னிடம் இல்லை. கடைக்கு வந்த ஆளை எழுப்பி அனுப்பத் தெரியாமல் தவித்த அக்கா தங்கச்சிகள் யாராவது இதைப் படித்தால் என் பாடு அவர்களுக்குப் புரியும். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கும் இப்போது நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

தொண்ணூறுகளின் நடுவில், சிங்காநல்லூரில் எங்கள் கடை, பின்கட்டில் வீடு. என் வீட்டுக்காரர் டிவி மெக்கானிக். ரிப்பேர் கடையின் முன்பாதியைத் தடுத்து, ஒரு கலர் டிவியும் கேம் பெட்டியும் வைத்தார். டவுன்ஹால் பக்கமிருந்து கேசட்காரர் ஒருவர் எப்போதாவது வருவார். இருக்கிற கேசட்டை எடுத்துக்கொண்டு வேறொன்று கொடுத்துவிட்டுப் போவார். வீட்டுக்காரர் ரிப்பேருக்கு வெளியே போய்விட்டால் கடையில் நான்தான். எனக்குப் படிப்பு அஞ்சாங்கிளாஸ். பேச்சு அதைவிடக் கம்மி.

ஃபேன் சுவிட்சு

அரை மணி நேரம் ஆனதும் "டைம் முடிஞ்சுதுங்க" என்று சொல்ல வேண்டும். இதுதான் என் வேலை. நானும் சொல்வேன். ஆனால் அது என் உதட்டைத் தாண்டி என் சேலை மடிப்புவரைக்கும்தான் போகும். டிவிக்குள் கத்தியும் கோடாலியும் மோதுகிற சத்தத்தில் நான் சொல்வது எனக்கே கேட்காது. எழுந்து போய்த் தோளைத் தொட்டுச் சொல்லலாம் என்றால், எல்லாம் மீசை வைத்த ஆண்பிள்ளைகள். தொண்டாமுத்தூரில் தோப்பு வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, அண்ணன்மாரிடமே தலைகுனிந்து பேசிப் பழகியவள் நான். யார் தோளைத் தொடுவது?

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். டைம் முடிந்ததும் சத்தமில்லாமல் ஃபேனை நிறுத்திவிடுவேன். வேர்த்தால் தானாக எழுந்து போவார்கள் என்று கணக்கு. லேத்துப் பட்டறையில் வேலை செய்த சம்பத் என்பவர்தான் எங்களுக்கு வாடிக்கையில் முதல் ஆள். சட்டை முதுகோடு ஒட்டிப்போன பிறகும் அவர் எழவில்லை. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே எனக்காகப் பரிதாபப்பட்டார்:

"ஏனுங்க்கா, ஃபேனுக்கு மட்டும் கரண்ட் போயிருச்சாட்ட இருக்குது. பாவம், நீங்க வேணா வெளிய காத்தாட நில்லுங்க, நான் கடையப் பாத்துக்கறேன்!"

பூதத்துக்கும் மரியாதை

இந்த நிலைமையில்தான் அந்தக் கேசட் வந்தது. ராஜா காலத்துக் கதை மாதிரி ஒரு விளையாட்டு. கோட்டை, பாலம், முதலை, கடைசியில் நெருப்புக் கக்குகிற பூதம். பெட்டியைப் போட்டவுடன் திரையில் நாலு பேர் வரிசையாக நிற்பார்கள். அதில் யாராக இருந்து சண்டை போடுவது என்று ஆட வருகிறவர் எடுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேருக்கும் கீழே இங்கிலீஷில் பேர் போட்டிருக்கும். எனக்கு இங்கிலீஷ் தெரியாதே, அதனால் நானே பேர் வைத்தேன். மஞ்சள் முடியோடு மார்பைக் காட்டிக்கொண்டு நின்ற வெள்ளைக்காரன் மஞ்சத்தலை. தாடி தரையைக் கூட்டுகிற குட்டை மனுசன் தாடிக்காரர். குல்லாய் போட்ட கிழவர் மந்திரக்காரர். கடைசியில் ஓரமாக, கையில் ஈட்டியோடு நின்றாள் ஒருத்தி. நல்ல கறுப்பு. அவள் ஈட்டிக்காரி. நான் வெட்கத்தோடு ஒரு தடவை முணுமுணுத்த பேர்தான் கடை முழுக்கப் பரவிவிட்டது.

நம் ஊர் ஆட்களுக்குச் சண்டையிலும் 'ங்க' விட்டுப்போகாது. "தாடிக்காரருக்கு உசுரு கம்மியா இருக்குதுங்க", "முதலை வருதுங்க, சித்த தாண்டிக்கோங்க" என்றுதான் ஆடுவார்கள். பாலிடெக்னிக்கில் படிக்கிற பிரகாஷுக்கு மட்டும் இது பிடிக்காது. "பூதம் வாராருங்க" என்று சம்பத் சொன்னபோது, பூதத்துக்கு எதற்கு மரியாதை என்று கேட்டுவிட்டான். சம்பத் ஜாய்ஸ்டிக்கை விடாமல் பதில் சொன்னார்:

"அடிச்சு முடிக்கற வரைக்கும் குடுத்துத்தான் ஆவோணுந் தம்பி. அதுக்கு நம்மள உட வயசு சாஸ்தி."

தோத்தவனுக்கு ஈட்டிக்காரி

இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற விளையாட்டு அது. முதலில் செத்துப்போகிற ஆளுக்கு ஒரு தண்டனை வேண்டும் என்று அவர்களே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். தோற்றவன் அடுத்த ஆட்டத்தில் ஈட்டிக்காரியைத்தான் எடுக்க வேண்டும். அவள் திறமையில் ஒன்றும் குறைச்சல் இல்லைங்க. மஞ்சத்தலை கிட்டத்தில் போய்த்தான் வெட்ட வேண்டும். அவள் ஈட்டி அந்தக் கோடி வரைக்கும் பறக்கும். ஈட்டியை எறியும்போதெல்லாம் "ஹேய்ய்" என்று ஒரு சத்தம் போடுவாள். இருந்தாலும் அவளை எடுத்தவனுக்குக் கேலிதான். "தங்கச்சி வாராங்க, வழி உடுங்க", "பூ வாங்கியாரட்டுமா?" அப்புறம் ஒருத்தன், "கரண்ட் போச்சுன்னா இவ இருக்கற எடமே தெரியாது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் மேசைக்குக் கீழே எதையோ தேடுகிறவள் மாதிரி குனிந்துகொண்டேன். அங்கே என் கால் இரண்டும்தான் இருந்தன, அதுவும் அதே நிறத்தில்.

என் மகள் தேவி அப்போது ஒண்ணாங்கிளாஸ். என் நிறம்தான் அவளுக்கும். பள்ளிக்கூடத்தில் யாரோ என்னவோ சொல்லியிருக்கிறார்கள். காலையில் பவுடர் டப்பாவைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மாட்டாள். முகம், கழுத்து, முழங்கை எல்லாம் அப்பிக்கொண்டு, புதிதாக வெள்ளையடித்த சுவர் மாதிரி கிளம்புவாள். வேண்டாம் கண்ணு என்று சொல்லவும் எனக்கு வாய் வராது. கல்யாணத்துக்கு முன்னால் நானும் அப்பிக்கொண்டவள்தானே.

அந்தச் சிரிப்பு நடந்தபோது தேவி என் பக்கத்தில் நின்றாள். திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள், கடைக்கே கேட்கிற மாதிரி, "அம்மா, நீ எப்பம்மா டிவிக்குள்ள போனே?" என்றாள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. எனக்குப் பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்று இருந்தது. சம்பத் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். அவர் மனதில் பட்டதை மறைக்கத் தெரியாத மனுசன்:

"அட, ஆமாங்க்கா, அப்படியே உங்களாட்டத்தானுங்க இருக்குது. ஆனா அது சத்தம் போடுதுங்க!"

சிலிண்டர்காரர் பார்த்தது

மறுநாள் காலையில் தேவி பவுடர் டப்பாவைத் தொடவில்லை. ஏன் கண்ணு என்று கேட்டேன். "டிவியில நீ போடாமத்தானே வந்தே?" என்றாள். ரெட்டை ஜடையைப் போட்டுக்கொண்டு அப்படியே பள்ளிக்கூடம் போய்விட்டாள். சாயங்காலம் வந்ததும் நேராக டிவிக்கு முன்னால் போய் ஈட்டிக்காரி வருகிறாளா என்று பார்ப்பாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதே வாரம் என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஆயுத பூசை கழிஞ்சு கேசட்ட மாத்திப்போடலாம் புள்ள. பசங்க அந்தப் பொம்பளையத் தொடவே மாட்டேங்கறானுங்க, நாலு பேர்ல ஒண்ணு தண்டம். கார் ரேசு வந்தா கூட்டம் அள்ளும்" என்றார். நான் தலையாட்டினேன். எனக்கு நன்றாக வருகிற ஒரே வேலை அது. ஆட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. கேசட் போனால் பவுடர் டப்பா திரும்ப இறங்கிவரும்.

வாயால் சொல்ல முடியாதவள் என்ன செய்வேன்? ஈட்டிக்காரியை வைத்துப் பூதத்தை ஜெயித்துக் காட்டினால் பையன்கள் அவளை எடுப்பார்கள், கேசட் தங்கும் என்று திட்டம் போட்டேன். காலையில் அவர் வெளியே போனதும், கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுப் பழக ஆரம்பித்தேன். முதல் பாலத்தையே தாண்ட முடியவில்லைங்க. அவள் குதிக்க வேண்டும் என்றால் நான் குதித்தேன். அவள் வலது பக்கம் போக வேண்டும் என்றால் நான் சாய்ந்தேன். அவள் "ஹேய்ய்" என்றால் நானும் கூடவே "ஹேய்ய்". ஆள் இல்லாத இடத்தில் என் தொண்டை நன்றாகவே வேலை செய்தது. இப்படி ஒரு நாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஜாய்ஸ்டிக் வயர் அறுந்துபோகிற அளவுக்கு இழுத்துப் பிடித்து, கத்திக்கொண்டே நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. சிலிண்டர்காரர், தோளில் சிலிண்டரோடு. என்னைப் பார்த்தார், திரும்பித் தெருவைப் பார்த்தார்:

"ஏனுங் அம்மிணி, நான் சிலிண்டர எறக்கி வெக்கறதுங்களா, இல்ல நானும் ஓடறதுங்களா?"

கென்யாக்காரரிடம் கேட்ட கேள்வி

பக்கத்துக் காலேஜில் படிக்க கென்யாவிலிருந்து வந்த ஜோசப் என்பவர் ஒரு நாள் கடைக்கு வந்தார். மெஸ்ஸில் சாப்பிட்டுப் பழகிய தமிழ், அதனால் எல்லா வார்த்தையிலும் 'ங்க' இருக்கும். பையன்கள் எழுந்து நல்ல நாற்காலியாகப் பார்த்துப் போட்டார்கள். கரண்ட் கேலி பேசியவன் சத்தமில்லாமல் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போய்விட்டான். பிரகாஷ் ரொம்பப் பவ்வியமாக, "அண்ணா, உங்களுக்கு இவங்க" என்று ஈட்டிக்காரியை எடுத்துக் கொடுத்தான். அவரோ அவளைத் தள்ளிவிட்டுத் தாடிக்காரரை எடுத்துக்கொண்டார். அத்தனை நீளத் தாடி தனக்கு வராது, அதனால் ஆசையாம்.

எனக்கு ஏமாற்றம். ஈட்டிக்காரியின் ஊர்க்காரர் வந்திருக்கிறார், கேட்டுத் தெரிந்துகொண்டால் பாலத்தையாவது தாண்டலாம் என்று நினைத்திருந்தேன். கடை திறந்த நாளாக எந்த வாடிக்கைக்காரரிடமும் கேள்வி கேட்காதவள், அன்றைக்குத் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு, "ஏனுங்க, உங்க ஊர்ல ஈட்டிய எப்படிங்க குறி பாத்து எறிவாங்க?" என்று கேட்டேவிட்டேன். கேட்டு முடித்த நொடியில்தான் ஞாபகம் வந்தது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் அக்கம்பக்கத்தில், தொண்டாமுத்தூர்க்காரி என்றதும், "உங்க ஊட்டுக்குள்ளயெல்லாம் யானை வருமா?" என்று கேட்டார்கள். ஒரு வாரம் எனக்கு மூஞ்சி சரியில்லை. ஆனால் சொன்ன வார்த்தையை எப்படித் திரும்ப எடுப்பது? ஜோசப் கோபப்படவில்லை, விழுந்து விழுந்து சிரித்தார்:

"எனக்குத் தெரியாதுங்க. எங்கம்மா பேங்க்ல வேலைங்க. அவங்க பேனாதானுங்க எறிவாங்க, அதும் என்மேலதானுங்க!"

ஆயுத பூசை

நான் பழகிப் பழகிச் செத்துக்கொண்டிருக்கும்போதே ஆயுத பூசை வந்துவிட்டது. ஸ்க்ரூ டிரைவர், மீட்டர், பற்றவைக்கிற இரும்பு எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தோம். கேம் டிவிக்கு என்னை வைக்கச் சொன்னார். விவரம் தெரிந்தவள் டிவியின் மரப்பெட்டி மேலே வைப்பாள். நான் கண்ணாடியிலேயே குழைத்த சந்தனத்தைத் தாராளமாக வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்துவிட்டேன். டிவி அணைந்திருந்தது, எனக்கு என்ன தெரியும்? பூசை முடிந்து சுவிட்சைப் போட்டால், வரிசையாக நாலு பேர் நிற்க, கடைசியில் நின்ற ஈட்டிக்காரியின் நெற்றியில் கணக்காக உட்கார்ந்திருக்கிறது பொட்டு. தேவி கைதட்டினாள். "கண்ணாடியில ஆராச்சும் வெப்பாங்களா?" என்று வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் பூசைப் பொட்டைக் கையால் அழிக்கக் கூடாதல்லவா? தானாக உதிரட்டும் என்று விட்டுவிட்டோம். சந்தனம் காய்ந்து கண்ணாடியோடு கண்ணாடியாகப் பிடித்துக்கொண்டது.

ஆட்டம் ஆரம்பித்தால் அந்தப் பொட்டு விளையாட்டின் வானத்தில் நிற்கும். புதிதாக வந்த ஒருத்தர் அதைப் பழம் என்று நினைத்து எட்டி எட்டிக் குதித்து மூன்று உயிரையும் விட்டார். ஆனால் கடைக்கு வருகிற பையன்களிடம் ஒரு மாற்றம் வந்தது. 'அவ' என்று சொன்னவர்கள் 'அந்தம்மா' என்றார்கள். குங்குமம் வைத்த பொம்பளையைத் தண்டனையாகத் தள்ளிவிட அவர்களுக்கு மனசு வரவில்லை. இனிமேல் தோற்றவனுக்கு மஞ்சத்தலைதான் என்று சம்பத் சட்டத்தை மாற்றிவிட்டார். நான் மாதக்கணக்கில் கத்திக் குதித்துச் செய்ய முடியாததை ஒரு சிட்டிகைக் குங்குமம் செய்துவிட்டது. பிரகாஷுக்கு மட்டும் ஒரு சந்தேகம். பொட்டு வைத்திருக்கிறார்களே, அப்படியானால் வீட்டுக்காரர் யார், தாடிக்காரரா, மந்திரக்காரரா? சம்பத் கொஞ்சமும் யோசிக்கவில்லை:

"ஆரா இருந்தாலும் ஊட்டுல சோறாக்கிட்டு இருப்பாரு தம்பி. இந்தம்மாதான் வேலைக்குப் போயிருக்குதல்லோ!"

கேசட்காரர் வந்த ஞாயிற்றுக்கிழமை

இதெல்லாம் என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. அவர் கடையில் இருந்தால்தானே? நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று சோறு போடும்போதெல்லாம் நினைப்பேன், குழம்பு ஊற்றும்போது மறந்தவள் மாதிரி விட்டுவிடுவேன். கேசட்டை மாற்றிக்கொள்வதாக அவர் கேசட்காரரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை கேசட்காரர் பையோடு வந்து டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சம்பத், பிரகாஷ் எல்லாம் சுற்றி நின்றார்கள். தேவி என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, உன்னைய எடுத்துட்டுப் போயிருவாங்களா?" என்று கிசுகிசுத்தாள். நான் வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. என் கை தன்னால் ஃபேன் சுவிட்சைத் தேடியது, பாருங்களேன்.

கேசட்காரர் ரேசு கேசட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "என்னங்க, கண்ணாடியெல்லாம் அழுக்கு?" என்று கர்ச்சீப்பைத் தண்ணீரில் நனைத்தார். திரையில் நாலு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் கை நேராக ஈட்டிக்காரியின் நெற்றிக்குப் போய்ப் பொட்டின் மேல் பட்டது.

"ஹேய்ய்!"

சத்தம் போட்டது நான்தானுங்க. காலையில் பழகிப் பழகித் தொண்டையில் பதிந்துபோன அதே சத்தம். கேசட்காரர் கையிலிருந்து கர்ச்சீப் விழுந்தது. பக்கத்துத் தையல் கடையில் மிசின் நின்றுபோனது. சம்பத் டிவியில் இருந்து வந்தது என்று நினைத்து வால்யூமைக் குறைக்கப் போனார். அப்புறம் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. "பொம்பள நெத்தியில இருக்கற குங்குமத்தத் தொடைக்கறீங்களே, உங்க ஊட்டுல பொம்பளைங்க இல்லீங்களா? அந்தக் கேசட்டு எங்கயும் போகாது. உங்க காரு வேணும்னா நீங்களே அக்கட்ட ஓட்டீட்டுப் போங்க!" கோபத்திலும் 'ங்க' குறையவில்லை, அது வேறு விஷயம். என் வீட்டுக்காரர் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தபடியே, "ஏம்புள்ள, இத்தன நாளா இந்தச் சத்தத்த எங்க வெச்சிருந்தே?" என்றார். அப்புறம், அந்தப் பொம்பளையை யார் எடுக்கிறார்கள் என்று கேட்டார். "நாங்க எல்லாருமே அந்தம்மாவைத்தானுங்க எடுக்கறோம்" என்றார் சம்பத். கேசட்காரர் ரேசு கேசட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். பாதி அழிந்த பொட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நானும் எடுப்பேன்" என்று சொல்லி ஜாய்ஸ்டிக்கை வாங்கினேன். தேவி முன்னால் வந்து உட்கார்ந்தாள். முந்தானையைச் செருகினேன், "ஹேய்ய்" என்றேன், நானும் குதித்தேன், ஈட்டிக்காரியும் குதித்தாள். நான் தரையில் நின்றேன். அவள் முதல் பாலத்திலேயே முதலை வாயில் விழுந்தாள். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் கொடுமை. கடைசியில் சம்பத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆறுதல் சொன்னார்:

"பரவால்லீங்க்கா, சத்தம் அச்சு அசலா அதேதானுங்க. காலுதான் இன்னும் கொஞ்சம் பழகோணும்."

அன்றைக்குப் பிறகு ஃபேன் சுவிட்சுக்கு வேலை இல்லாமல் போனது, பவுடர் டப்பா அலமாரி மேலேயே தூசி பிடித்துக் கிடந்தது, தேவிகூட அந்தப் பாலத்தைத் தாண்டிக் கோட்டைக்குள் போய்விட்டாள், நான் மட்டும் கடைசிவரைக்கும் அந்த முதலைக்குத்தான் சோறு போட்டுக்கொண்டிருந்தேனுங்க.